முப்பத்தெட்டு ஜோடி ஷூக்கள்

சவரிராயன் முதன்முதலாக இத்தாலிக்குள் நுழைந்தபோது அவனுக்குப் பின்னால் பேருந்தில் முப்பத்தெட்டு ஜெர்மானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியை முன்பே பார்த்தவர்கள். சிலர் தேனிலவுக்குப் போனவர்கள், சிலர் யுத்தத்துக்கு. பார்க்காதவன் வழிகாட்டியான சவரிராயன் மட்டும்தான். அதை அவன் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. 1966 ஜூலை மாதம் அது.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து 1961-ல் மியூனிக்குக்கு வந்தவன் அவன். தொழிற்சாலை ஒன்றில் லேத் வேலைக்கு இரண்டு வருடப் பயிற்சி. தங்குவதற்கு மரக்கொட்டகையில் ஓர் அறை, அதில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்றிலும் இத்தாலியின் தெற்குக் கோடியான கலாப்ரியாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் ஜெர்மன் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். உப்பு கேட்பதற்காவது ஒரு பொது மொழி வேண்டியிருந்ததால் சவரிராயன் இத்தாலியன் கற்றுக்கொண்டான். பயிற்சி முடிந்தது. தொழிற்சாலை அவனை இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொண்டு, பிறகு ஒரு சான்றிதழும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பியது.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஸாட்லர் பயணங்கள் என்று ஒரு பேருந்துக் கம்பெனி. அதன் முதலாளி ஹெர் ஸாட்லர் அவனை நான்கு நிமிடத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"இத்தாலியன் தெரியுமா?"

"தெரியும்."

"கோட்டைகள்?"

"படித்துக்கொள்கிறேன்."

அவர் நாற்பது பக்கத் தட்டச்சுப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். 'சியேனாவும் சுற்றுப்புறமும், ஆறு நாட்கள். நான்கு கோட்டைகள், மூன்று மடங்கள், ஐந்து கிராமங்கள்.' பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பிரம்பை வைத்துக்கொண்டு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த முறையிலேயே சவரிராயன் அதை மனப்பாடம் செய்தான். எந்தப் பக்கத்தில் எந்த வரியைக் கேட்டாலும் அங்கிருந்து முடிவுவரை சொல்வான். நடுவில் நிறுத்தினால்தான் தடுமாறுவான்.

முதல் மூன்று நாளும் பிரதியில் இருந்தபடியே நடந்தது. மொந்தெரிஜோனி கிராமத்து மதிலுக்குப் பதினான்கு கோபுரங்கள் என்று சொன்னான். பயணிகள் எண்ணினார்கள். பதினான்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனார்கள். உணவு விடுதிகளில் அவன் வாயைத் திறந்ததும் பரிமாறுகிறவர்கள் சிரித்தார்கள். அவன் பேசியது கலாப்ரியாவின் இத்தாலியன், அதுவும் கட்டடத் தொழிலாளர்களின் இத்தாலியன். பயணிகள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். "எவ்வளவு சந்தோஷமான மக்கள்!" என்றாள் ஓர் அம்மாள்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு சான் வெனான்சியோ மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாம்பல் நிறக் களிமண் மேடுகளுக்கு நடுவே ஒரு செங்கல் கட்டடம். கோயிலுக்கு ஏழு படிகள். படிக்கல் கொதித்துக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக, மெழுகும் சாம்பிராணியும் கலந்த வாசனை.

சவரிராயன் ஊரில் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். மாரியம்மன் கோயிலானாலும் சரி, மாதா கோயிலானாலும் சரி, செருப்பு வாசலில் கிடக்கும். ஏன் என்று அவன் கேட்டதில்லை. மியூனிக்குக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் மாதக் குளிரில், கோயில் முகப்பில் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். கோயில் ஊழியர் ஓடிவந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சுற்றிப் பார்த்தான். எல்லோர் காலிலும் ஷூ. மறுபடி கட்டிக்கொண்டான். அதன்பின் ஐந்து வருடம் ஷூ காலோடுதான் நற்கருணை வாங்கினான். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தான்.

சான் வெனான்சியோவின் ஏழாவது படியில் அவன் கால்கள் அவனைக் கேட்கவில்லை. பிரதியின் இருபத்தாறாம் பக்கத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்து, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். செங்கல் தரை பாதத்தில் ஜில்லென்று பட்டதும்தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. திரும்பினான்.

வெளிநாட்டில் வழிகாட்டி செய்வதைப் பின்பற்றுங்கள் என்பது ஸாட்லர் பயணங்களின் விதி. திங்கட்கிழமை காலை பேருந்து கிளம்பும்போது அவனேதான் ஒலிபெருக்கியில் அதைப் படித்திருந்தான். முப்பத்தெட்டு பேரும் குனிந்திருந்தார்கள். சுவரோரமாக ஷூக்கள் சேர்ந்துகொண்டிருந்தன. ஜோடி ஜோடியாக, முனை வெளியே பார்க்க, ஒரே நேர்கோட்டில்.

"ஹெர் ராயன்," என்றார் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர், ஒற்றைக்காலில் நின்றபடி. "காலுறையுமா?"

"உங்கள் விருப்பம்."

"இது இங்கே வழக்கமா?" என்றாள் அவர் மனைவி.

தவறுதலாகக் கழற்றிவிட்டேன், மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு பேர், எழுபத்தாறு நாடாக்கள். பலருக்கு இடுப்பு வலி. கதவருகே இரண்டு துறவிகள் வேறு பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாம்," என்றான் சவரிராயன். "பழைய வழக்கம்."

இருபத்தாறாம் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் பயணத்தில் இதை நிறுத்திவிடலாம் என்று இருந்தான். ஆனால் அந்தப் பேருந்தில் தபால் அதிகாரியின் தங்கையும் அவள் கணவரும் இருந்தார்கள். அவன் படியேறுவதற்குள் அவர்கள் ஷூவைக் கையில் எடுத்துவிட்டார்கள், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வருடம் ஸாட்லர் விளம்பரத் தாளிலேயே ஒரு வரி சேர்த்தார்: 'நான்காம் நாள் மடம். நல்ல காலுறை அணிந்து வரவும்.' வாடிக்கையாளர்களுக்கு அந்த வரி பிடித்திருந்தது. மற்றக் கம்பெனிகளின் தாள்களில் கோட்டையும் மடமும் இருந்தன, காலுறை இல்லை.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் சுந்தரராஜன். கும்பகோணத்துக்காரர். மியூனிக்குக்கு வெளியே கார்ஹிங்கில் பிளாஸ்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காலையில் பேருந்து பிடித்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவார், மாலையில் வந்து தயிர் தோய்ப்பார். இருவரும் நகருக்குள் ஷ்வாபிங்கில் ஒரு வீட்டின் நான்காம் மாடியில் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

"ஏண்டா சவரி, இன்னுமா கழட்டறா?"

"கழட்டுறாங்க சாமி. இந்தத் தடவ ஒரு ஜட்ஜ் வந்திருந்தாரு. அவரும் கழட்டுனாரு."

"நாங்க கோடி கோடியா கொட்டி மெஷின் கட்டறோம். பிளாஸ்மா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கலைஞ்சு போறது. உன் பொய் மூணு வருஷமா ஸ்டெடியா நிக்கறது. என்ன மெடீரியல்டா அது?"

"கிண்டல் பண்ணாதீங்க அய்யரே."

"ஐயங்கார். ஐயங்கார்னு எத்தனை தடவை சொல்றது."

1970-ல் சவரிராயன் ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போய் லூர்துமேரியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஐந்தாவது வாரம் கல்யாணம், ஆறாவது வாரம் விமானம். அவளை மியூனிக்குக்கு அழைத்துக்கொள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் மனுப் போட்டான். முதல் தடவை வீடு போதாது என்றார்கள். சுந்தரராஜன் முணுமுணுத்துக்கொண்டே கார்ஹிங்குக்கு ஜாகை மாற்றிக்கொண்டு வீட்டை விட்டுக்கொடுத்தார். இரண்டாம் தடவை, வேலை நிரந்தரம் என்று முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார்கள். 1972 அக்டோபர் பதினாறாம் தேதி காலை பத்தே காலுக்குக் கடிதத்தோடு வரவேண்டும், தவறினால் மனு முதலிலிருந்து. லூர்து இதற்குள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அவள் கடிதங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டு வந்தன. கடைசியாக வந்ததில் நலம், நலமறிய ஆவல், மழை இல்லை என்று மூன்றே செய்திகள்.

ஸாட்லர் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து டாக்டர் எங்கல்ஹார்ட்டிடமிருந்து புகார் வந்தது.

டாக்டர் எங்கல்ஹார்ட் ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர். ஜூன் மாதப் பயணத்தில் வந்திருந்தார். எல்லோரையும் போல ஷூவைக் கழற்றினார், எல்லோரையும் போல வரிசையில் வைத்தார். வீட்டுக்குப் போய் இரண்டரை மாதம் படித்தார். தாம் பார்த்த நூல்கள் முப்பத்தொன்று என்றும், சியேனா வட்டாரத்து மடம் எதிலும் காலணி நீக்கும் வழக்கம் இருந்ததற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை என்றும், வழிகாட்டி இதை எங்கிருந்து எடுத்தார் என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தார். நூல்களின் பட்டியலை இணைத்திருந்தார்.

ஸாட்லர் அவனைக் கூப்பிட்டு இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்தார்.

"உங்களை எனக்குப் பிடிக்கும், ஹெர் ராயன். ஆனால் ஆறு வருடமாக என் வாடிக்கையாளர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரியாமல், இந்த ஆள் நிரந்தரம் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. செப்டம்பர் பயணம் இருக்கிறதே. மடத்திலிருந்து எழுத்தில் வாங்கி வாருங்கள்."

"எழுத்தில்?"

"முத்திரையோடு."

அன்று சாயங்காலம் சவரிராயன் கார்ஹிங்குக்குப் பேருந்து ஏறினான். சுந்தரராஜன் சட்டியில் கடுகு வெடிக்கக் காத்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"பேசாம ஒத்துண்டுடு. ஸாரி ஸார், மிஸ்டேக் ஆயிடுத்துன்னு சொல்லிடு."

"சொன்னா வேல போயிரும். வேல போனா லூர்து அங்கயே கெடப்பா."

"சொல்லாட்டா?"

"சொல்லாட்டாலும் கெடப்பா. மடத்துல போயி என்னத்த எழுதி வாங்குறது? எங்க ஊரு வழக்கத்த இவங்க வழக்கம்னு எழுதிக் குடுங்கன்னா?"

கடுகு வெடித்தது. சுந்தரராஜன் தட்டைப் போட்டு மூடினார்.

"சயன்டிஃபிக்கா பார்த்தா, ஆறு வருஷம் ஒரே எக்ஸ்பெரிமென்ட் ஒரே ரிசல்ட் குடுத்தா அதுக்குப் பேரு 'லா'டா."

"போங்க சாமி."

"போறேன் போறேன். வீட்டையே விட்டுட்டுப் போனவன். இன்னும் எங்க போறது?"

செப்டம்பர் பயணத்தில் பயணிகளை மடத்துத் தோட்டத்தில் சாப்பிட உட்காரவைத்துவிட்டு சவரிராயன் மடாதிபதியைப் பார்க்கப் போனான். போகிற வழியில், கோயில் வாசலில், இத்தனை வருடம் பார்க்காமல் தாண்டிப் போனதை அன்றுதான் நின்று பார்த்தான். நாற்பது அறை கொண்ட ஒரு மர அலமாரி. பக்கத்தில் உட்காரப் பெஞ்சு. மேலே ஜெர்மனில் ஒரு பலகை: 'காலணிகளை இங்கே வைக்கவும்.' 1968-ல் மடத்துத் தச்சர் செய்தது. அவன் அதைச் செய்யச் சொல்லவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்து வந்தான்.

மடாதிபதி டோன் இலாரியோ எழுபது வயதுக்காரர். மேசைக்கு அடியில் அவர் கால்களில் கம்பளிக் காலுறை மட்டும் இருந்தது.

"உங்கள் ஜெர்மானியர்களைப் பற்றி நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம்," என்றார். "முதல் வருடம் பயந்துவிட்டோம். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தோம். பாதிப் பேர் லுத்தர் சபைக்காரர்கள் என்று கேள்விப்பட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள், நாங்கள் ஷூவோடு நிற்கிறோம். அடுத்த தவக்காலத்திலிருந்து நாங்களும் ஷூவை விட்டுவிட்டோம். இப்போது ஊர்க்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கழற்றித்தான் வருகிறார்கள். தரை சுத்தமாக இருக்கிறது."

சவரிராயன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஏழாவது படி, தபால் அதிகாரி, லூர்து, அக்டோபர் பதினாறு. கலாப்ரியா இத்தாலியனில் பாவசங்கீர்த்தனம் நன்றாக வந்தது. அந்த மரக்கொட்டகை அறைத்தோழர்களிடமிருந்து அவன் கற்ற சொற்களில் பாதி தவறு செய்தவர்களைப் பற்றியவை.

டோன் இலாரியோ குனிந்து தம் காலுறையைப் பார்த்தார்.

"உங்கள் ஊரில் ஏன் கழற்றுகிறார்கள்?"

"தெரியாது தந்தையே. எல்லோரும் கழற்றுவார்கள்."

"இங்கேயும் இப்போது அப்படித்தான்," என்றார். தாளை எடுத்தார். "என்ன எழுத வேண்டும்?"

"உண்மையை எழுதுங்கள். ஆனால்..."

"ஆனால்?"

"சுருக்கமாக எழுதுங்கள்."

அவர் இரண்டு வரி எழுதினார். இந்த மடத்துக் கோயிலுக்குள் காலணியின்றி நுழைவது வழக்கம், துறவிகளும் ஊராரும் விருந்தினரும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். கீழே முத்திரை குத்தினார். மை காயத் தாளை விசிறினார்.

ஸாட்லர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் அவனுடைய மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. சம்பந்தப்பட்டவரே மொழிபெயர்ப்பது முறையல்ல என்று, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பினார். அது இரண்டு வாரம் எடுத்தது. அக்டோபர் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மொழிபெயர்ப்பு வந்தது. டாக்டர் எங்கல்ஹார்ட்டும் வந்தார். கம்பெனி அலுவலகத்தின் மூன்று நாற்காலிகளில் மூவரும் உட்கார்ந்தார்கள். லூர்துவின் மனுவுக்கான வேலைக் கடிதம் கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது.

டாக்டர் எங்கல்ஹார்ட் இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தார்.

"வழக்கம் இருக்கிறது. சரி. எப்போதிலிருந்து? அது இதில் இல்லையே."

பழையது என்று சொன்னால் போதும். ஆறு வருடமாக அந்தச் சொல் தயாராக நாக்கில் இருந்தது. ஆனால் இந்த மனிதர் இன்னும் முப்பத்தொரு நூல் படிப்பார், அது முடியும்போது லூர்து இங்கே இருப்பாள், அவளையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். மடாதிபதியின் காலுறையும் நினைவுக்கு வந்தது.

"1966 ஜூலை பதினான்கிலிருந்து," என்றான் சவரிராயன். "பகல் பன்னிரண்டு மணி."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"யார் தொடங்கியது?" என்றார் ஸாட்லர்.

"நான்தான். எங்கள் ஊரில் அப்படிச் செய்வோம். கைமறதியாகக் கழற்றிவிட்டேன். பின்னால் வந்தவர்கள் விதிப்படி என்னைப் பின்பற்றினார்கள். வழக்கமா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். அப்போது அது பொய். இப்போது இல்லை."

டாக்டர் எங்கல்ஹார்ட் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சாட்சிகள்?"

"முப்பத்தெட்டு பேர்."

ஸாட்லர் எழுந்து அலமாரியைத் திறந்து 1966 என்ற கோப்பை எடுத்தார். ஜூலை, இரண்டாவது பயணம். முப்பத்தெட்டு பெயர்கள், முகவரிகளோடு. டாக்டர் எங்கல்ஹார்ட் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் முகத்தில் லேசாக நிறம் ஏறியது.

"ஐரோப்பாவில் எந்தப் பழக்கத்துக்கும் தொடங்கிய தேதி கிடைப்பதில்லை," என்றார். "நூற்றாண்டு கிடைத்தாலே பெரிய விஷயம். இங்கே மணி கிடைத்திருக்கிறது." பெயர்களை எழுதிக்கொள்ள அனுமதி கேட்டார். எழுதிக்கொண்டார். புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று ஸாட்லர் கேட்டபோது, "எந்தப் புகார்?" என்றார்.

அவர் போனபிறகு ஸாட்லர் 1966 கோப்பை அலமாரியில் திரும்ப வைத்தார்.

"ஆக, அந்த மடத்துத் துறவிகள் காலுறையோடு நடப்பது ஸாட்லர் பயணங்களால்."

"ஆமாம்."

"இதை விளம்பரத் தாளில் போட முடியாது."

"முடியாது."

"இனிமேல் வழக்கம் எதையும் தொடங்காதீர்கள்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லூர்துமேரி 1973 மார்ச்சில் வந்தாள். மே மாதத்து முதல் பயணத்தில் பேருந்தின் கடைசி இருக்கை காலியாக இருந்தது. ஸாட்லர் அதை அவளுக்குக் கொடுத்தார். அவள் பட்டுப்புடவைமேல் கம்பளிக்கோட்டும், மதுரையில் வாங்கிய கறுப்பு நாடா ஷூவும் அணிந்திருந்தாள். மூன்று நாள் கோட்டைகளைப் பார்த்தாள். "வீடு கட்டச் சொன்னா மதில் கட்டி வச்சிருக்கான்," என்றாள். பதினான்கு கோபுரத்தையும் அவளும் எண்ணினாள்.

நான்காம் நாள் சான் வெனான்சியோ. அவள்தான் முதலில் படியேறினாள். அலமாரியைத் தாண்டி நேராகக் கதவை நோக்கிப் போனாள். சவரிராயன் ஓடிப்போய் அவள் கோட்டு நுனியைப் பிடித்தான்.

"ஷூவக் கழட்டு."

"மாட்டேன்."

"கழட்டு லூர்து. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பங்குச்சாமி படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புனாரு. வெள்ளக்காரன் கோயில்ல வெறுங்காலோட போனா பிச்சைக்காரின்னு நெனப்பான்னு. ரெண்டு வருசமா நம்ம கோயில்லயே ஷூ போட்டுப் போயி ஒத்திகை பாத்திருக்கேன். ஊரே காறித் துப்புச்சு. இப்ப வந்து கழட்டுங்கிறீங்க?"

"இங்க கழட்டணும். போர்டு போட்டிருக்கான் பாரு."

அவள் பலகையைப் பார்த்தாள். ஜெர்மன் அவளுக்கு இன்னும் படிக்க வரவில்லை.

"யாரு பண்ண ஏற்பாடு இது?"

சவரிராயன் பின்னால் பார்த்தான். முப்பத்தேழு பேர் கீழ்ப்படியில் காத்திருந்தார்கள்.

"நாந்தான்," என்றான்.

லூர்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு நாள் பேருந்தில் கால்கள் வீங்கியிருந்தன. நாடா முடிச்சு இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. குனிந்து பார்த்தாள், கோட்டு தடுத்தது.

"கட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள். "நீங்களே அவுத்து விடுங்க."

சவரிராயன் அவள் முன்னால் மண்டியிட்டான். முடிச்சு பிடிவாதமாக இருந்தது. நகத்தை விட்டு நெம்பிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு முழங்கால் சொடக்கிடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாகப் பல. ஒரு கிழவர் முனகினார். ஓர் அம்மாள் தன் கணவரிடம், "நாற்பது வருடத்தில் நீ ஒருநாள் இதைச் செய்ததுண்டா, ஓட்டோ?" என்றாள்.

"ஹெர் ராயன்," என்று யாரோ கூப்பிட்டார்கள். "கணவன்தான் கழற்ற வேண்டுமா?"

கதவருகே இரண்டு துறவிகள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சவரிராயன் திரும்பவில்லை. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.